ஒரு மீட்டர் பதினெட்டு சென்டி

அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மேஸ்திரி முதல் லாரி டிரைவர் வரை எல்லோருக்கும் அவள் மில்லி மேடம். பதினாறு வருஷமாக நிலம் அளக்கிறாள். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் எதிரே நிற்பது யார் எவர் என்று பார்க்காமல் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வாள். அதனால் வந்த பெயர் அது. கிண்டலுக்கு வைத்தார்கள், அவளோ பட்டம் வாங்கியது போலப் பத்திரப்படுத்திக்கொண்டாள். போனில் யாராவது "யார் பேசறது?" என்றால், "மில்லி" என்று தானே சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

அவளோடு வேலை பார்ப்பவன் அவளுடைய கொழுந்தன், வீட்டுக்காரரின் தம்பி. அவனுக்குக் குமிழி என்று பெயர். முக்காலியில் அளவைக் கருவியை வைத்து அவள் கண்ணை ஒட்டிக்கொண்டு நிற்க, நூறு மீட்டர் தள்ளிக் கண்ணாடி பொருத்திய கம்பை அவன் பிடித்துக்கொண்டு நிற்பான். கம்பு செங்குத்தாக நிற்கிறதா என்று காட்ட அதில் ஒரு நீர்க்குமிழி உண்டு. பதினோரு வருஷமாக அந்தக் குமிழியை நடுவிலிருந்து நகரவிடாதவன் என்பதால் அந்தப் பெயர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பான். இடுப்பில் எப்போதும் ஒரு டேப் தொங்கும். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட அதோடுதான் போவான்.

இந்த ஜோடிக்கு நடுவில்தான் முதலாளி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

"இது சாட்டிலைட் ரிசீவர். கம்பு மேல மாட்டிக்கிட்டு நடந்தா போதும். எங்க நிக்கறோம்னு சென்டிமீட்டர் கணக்கா சொல்லும்" என்றார். முதலாளி கெட்டவர் இல்லை. மனதில் உள்ளதை மறைக்கத் தெரியாதவர், அவ்வளவுதான். அதனால் அடுத்த வாக்கியத்தையும் அப்படியே சொல்லிவிட்டார். "முக்கியமா, ஒரே ஆள் போதும். உங்க ரெண்டு பேர்ல யார் கத்துக்கறீங்களோ அவங்க இருங்க. இன்னொருத்தரை மாசக் கடைசியோட அனுப்பறதா இருக்கேன். தப்பா நினைக்காதீங்க."

தப்பா நினைக்காதீங்களாம்! மில்லிக்கு சுருக்கென்றது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அவள் மனதில் முதலில் ஓடியது கோபம் அல்ல. 'இதைக் கத்துக்க எனக்கு ஒரு வாரம் போதும்' என்பதுதான். குமிழி என்ன ஆவான் என்பது அதற்கப்புறம், இரண்டாவதாகத்தான் வந்தது. அதை நினைத்துப் பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

குமிழி பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்க கத்துக்குங்க அண்ணி. எனக்கு இதெல்லாம் வராது" என்று சொல்லிவிட்டு, கம்பைத் துடைக்கப் போய்விட்டான். வராது என்பதெல்லாம் சும்மா. அண்ணிக்கு எதிராகப் போட்டிக்கு நிற்க அவனுக்கு மனம் வரவில்லை.

சரி, அந்தப் பெட்டி என்ன செய்கிறது? சாட்டிலைட்டை வைத்து இடம் கண்டுபிடித்தால், நம் கையிலிருக்கும் போனைப்போல, இரண்டு மூன்று மீட்டர் முன்னே பின்னே இருக்கும். ஆஸ்பத்திரிக்கு வழி தேட அது போதும். ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரம் போடப் போதாது. அதற்காக ஆபீஸ் மொட்டைமாடியில் இன்னொரு ரிசீவரை நிரந்தரமாக நட்டுவைக்கிறார்கள். அதற்குப் பேஸ் என்று பெயர். தான் நிற்கும் இடம் அதற்குத் துல்லியமாகத் தெரியும். அதனால் சாட்டிலைட் இந்த நொடி எவ்வளவு பிசகிச் சொல்கிறது என்பதும் அதற்குத் தெரியும். சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிஷம் வேகமாக ஓடுகிறதென்று தெரிந்தால் வீட்டில் எல்லோரும் ஐந்தைக் கழித்துக்கொள்வதில்லையா, அதே கதைதான். பேஸ் அந்தப் பிசகை நொடிக்கு ஒருதரம் இண்டர்நெட்டில் ஓட்டிக்கொண்டே இருக்கும். சைட்டில் இருக்கும் ரிசீவர் அதை வாங்கித் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். இப்படி விடாமல் அனுப்பவும் வாங்கவும் உள்ள முறைக்கு என்ட்ரிப் என்று பெயர்.

பெட்டி விற்றவன் ஒருநாள் வந்து பேஸை மாட்டி, அது நிற்கும் இடத்தின் எண்களைப் போட்டுக் கொடுத்துவிட்டு, "ரொம்ப ஈஸி மேடம்" என்று சொல்லிப் போனவன்தான். அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை.

முதல் நாள் ரிசீவர் உள்ளேயே விடவில்லை. யூசர்நேம் தப்பு, பாஸ்வேர்டு தப்பு என்று நாள் முழுக்கத் துரத்தியது. கடைசியில் பார்த்தால் பாஸ்வேர்டுக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்கே தெரியாத அந்த இடைவெளியை நினைத்து அவள் இரண்டு கெட்ட வார்த்தை சொன்னாள். இரண்டாம் நாள் உள்ளே போய்விட்டாள். அங்கே பேஸ்களின் பட்டியல் ஒன்று வந்தது. அதில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பேஸ் அனுப்பும் திருத்தங்களின் ஓடை நம் பக்கம் திரும்பும். மில்லி முதலில் இருந்ததைத் தட்டினாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. பச்சையாகவே மாட்டேன் என்றது. ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றபிறகுதான், அது நானூறு கிலோமீட்டர் தள்ளி வேறு யாரோ மாட்டிய பேஸ் என்று தெரிந்தது. 'அங்கே உள்ள பிசகை இங்கே கழித்தால் எப்படிடி உருப்படும்?' என்று தன்னையே திட்டிக்கொண்டு, தங்கள் ஆபீஸ் பெயரைத் தேடித் தட்டினாள். எட்டு நொடியில் பச்சை. ஒரு சென்டி துல்லியம். மில்லி நட்டநடு மைதானத்தில் ஒரு குதி குதித்தாள்.

மூன்றாம் நாள், நான்காம் நாள், ஐந்தாம் நாள் மூன்றிலும் ஆஸ்பத்திரி கட்டப்போகும் சைட்டுக்குப் போய், வாசலருகே இருக்கும் ஆணியில் கம்பை வைத்துப் பார்த்தாள். பழைய கருவியை வைத்து அவளும் குமிழியும் அளந்து அறைந்த ஆணி அது. அதன் இடம் மில்லிமீட்டர் வரை தெரியும். மூன்று நாளும் ரிசீவர் சொன்ன இடமும் ஆணி இருந்த இடமும் அப்படியே பொருந்தின. ஓடையில் வரும் செய்திகளுக்கு எண் உண்டு. எந்த எண்ணில் எது வரும், சிக்னல் அறுந்தால் எத்தனை நொடி தாங்கும், எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரே வாரம். சொன்னபடியே!

வீட்டில்தான் சங்கடம். ஒரே வீடு, கீழே அவள் குடும்பம், மேலே கொழுந்தன் குடும்பம். துணி காயப்போட வந்த ஓரகத்தி, கொடியில் கிளிப்பைச் சொருகிக்கொண்டே முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அக்கா, அவருக்கு வேலை போயிடுமா?"

"யார் சொன்னா?"

"அவர் எங்க சொல்றாரு? நாலு நாளா சாப்பாட்டுல உப்பு இல்லைன்னாலும் பேசாம சாப்பிட்டுப் போறாரு. அதுல தெரிஞ்சுக்கிட்டேன்."

"நான் பாத்துக்கறேன்டி" என்றாள் மில்லி அழுத்தமாக. எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று அவளுக்கே ஒரு யோசனையும் இல்லை.

வியாழக்கிழமை பரீட்சை. ஆஸ்பத்திரிக்குக் கீழே அறுபது இடத்தில் பூமியைத் துளைத்துக் கான்கிரீட் தூண் இறக்க வேண்டும். பைல் என்பார்கள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் துளைக்கும் மெஷின் வந்துவிடும். அதற்குள் அறுபது இடத்திலும் முளை அடித்திருக்க வேண்டும். பழைய முறையில் இரண்டு பேருக்கு ஒன்றரை நாள் வேலை. "நீங்க தனியா, ஒரே நாள்ல முடிங்க பாப்போம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்று முதலாளி சொல்லியிருந்தார். குமிழிக்கு அன்று லீவு.

எட்டு மணிக்கெல்லாம் மில்லி சைட்டில் இருந்தாள். ரிசீவரை மாட்டினாள், உள்ளே போனாள், பச்சை விளக்கு எரிந்தது. திரையில் துல்லியம் ஒரு சென்டி. வாசலருகே ஆணி இருந்தது. மூன்று நாளாகப் பார்த்தாயிற்று, மூன்று நாளும் சரி. இன்றைக்கு அறுபது இருக்கிறதே, அதில் போய் ஏன் நேரத்தை விரயம் செய்ய வேண்டும்? நேரே முதல் பைலுக்குப் போனாள்.

அடடா, என்ன வேகம்! திரையில் அம்பு காட்டும் பக்கம் நடப்பாள். வட்டத்துக்குள் புள்ளி விழுந்ததும் நிற்பாள். முளையை வைத்து நாலு அடி. அடுத்தது. பத்து மணிக்கு இருபது. பன்னிரண்டரைக்கு நாற்பத்துநாலு. யாரையும் கை காட்டிக் கூப்பிட வேண்டியதில்லை. "கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம், ஐயோ போதும்" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை. அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம் பொங்கியது. அந்தச் சந்தோஷத்தின் ஓரத்தில் குமிழியின் முகம் வந்து வந்து போனது. வரும்போதெல்லாம் அடுத்த முளையை இன்னும் பலமாக அடித்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு அவனே வந்துவிட்டான், டிபன் கேரியரோடு.

"உங்க தங்கச்சி குடுத்தனுப்பிச்சா அண்ணி. சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க."

ஓரகத்தியை அவன் அண்ணியிடம் எப்போதும் 'உங்க தங்கச்சி' என்றுதான் சொல்வான். மில்லி காரின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். வேலையைப் பறிக்கப்போகிறவளுக்கு அவன் பெண்டாட்டி சமைத்து அனுப்பியிருக்கிறாள்!

குமிழி முளைகளுக்கு நடுவே சும்மா உலாத்தினான். பிறகு காம்பவுண்டு சுவருக்குப் போனான். பதினோரு வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா? டேப்பின் கொக்கியைச் சுவரில் மாட்டி முதல் வரிசை வரை இழுத்தான். குனிந்து பார்த்தான். மறுபடி இழுத்தான். அடுத்த முளைக்குப் போனான். அதற்கடுத்ததற்கும் போனான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். மில்லி இதையெல்லாம் வாயில் கவளத்தோடு பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க" என்று வந்தான். "சுவத்துலேர்ந்து முதல் வரிசை ஆறு மீட்டர் இருபதுதானே?"

"ஆமா. ஏன்?"

"ஏழு முப்பத்தெட்டு வருது."

"உன் டேப்பு வெயில்ல நீண்டு போச்சு போ" என்று சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. "மூணு முளையும் பாத்துட்டேன். மூணும் அதே ஒரு மீட்டர் பதினெட்டு கூட."

"சுவரைக் கோணலா கட்டியிருப்பாங்க."

"அந்தச் சுவரை நாமதானே அளந்து குடுத்தோம்."

மில்லிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "இங்க பாரு தம்பி, இது பச்சை. ஒரு சென்டி. நான் ஒரு வாரமா இதோட மல்லு கட்டியிருக்கேன். மெஷின் சொல்றது தப்பு, உன் டேப்பு சொல்றது சரியா?"

"எனக்கு மெஷினைப் பத்தித் தெரியாது அண்ணி" என்றான் அவன் மெதுவாக. "ஆணியில வச்சுப் பாத்துடுங்களேன்."

அவள் கை கழுவினாள். கம்பை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள், அவன் மூக்கை உடைக்கும் முடிவோடு. ஆணியில் கம்பின் நுனியை வைத்தாள். கம்பிலிருந்த நீர்க்குமிழியை நடுவில் கொண்டுவந்தாள். விளக்கு பச்சையாகவே எரிந்தது. துல்லியம் ஒரு சென்டி என்றது. ஆணி இருக்க வேண்டிய இடத்துக்கும் கம்பு நிற்கும் இடத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் பதினெட்டு சென்டி என்றும் சொன்னது.

நாற்பத்துநாலு முளை. நாளைக் காலை மெஷின் வந்து துளைத்திருந்தால் ஒரு ஆஸ்பத்திரியே இடம் மாறி எழும்பியிருக்கும்!

பயந்தாளே ஒழிய மூளை நிற்கவில்லை. அதற்குப் பெயர்தான் மில்லி. எல்லா முளையும் ஒரே அளவு, ஒரே பக்கம் தள்ளியிருக்கிறது. அப்படியென்றால் கம்பில் தப்பில்லை. பேஸ்தான் தன் இடத்தைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறது. ஓடையில் பத்து நொடிக்கு ஒருமுறை 'நான் இங்கே நிற்கிறேன்' என்று பேஸ் தன் இடத்தையும் சொல்லும். அந்தச் செய்தியின் எண் அவளுக்கு மனப்பாடம். ஆனால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கு அவள் பார்க்கவில்லை. திறந்து, பேஸ் மாட்டிய அன்று நோட்டில் குறித்திருந்ததோடு ஒத்துப்பார்த்தாள். வேறு எண்கள்.

ஆபீஸ் டைப்பிஸ்டுக்குப் போன் போட்டாள். "காலையில கரண்ட் போச்சா?"

"போகலையே மேடம். ஏழரைக்கு எலக்ட்ரீஷியன் வந்து ஃபேன் மாத்தினாரு. அப்ப பத்து நிமிஷம் மெயினை ஆஃப் பண்ணாரு. ஏன் மேடம்?"

கிழிந்தது! பெட்டி விற்றவன் எண்களைப் போட்டானே தவிர, அதை நிலையாகப் பதிந்துவைக்கவில்லை. கரண்ட் போய் வந்ததும் பேஸ் தானாக எழுந்து, வானத்தைப் பார்த்து, 'நான் ஏறக்குறைய இங்கே நிற்கிறேன்' என்று ஒரு குத்துமதிப்புக்கு வந்து, அதையே சத்தியமாக நம்பி, நொடிக்கு நொடி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் நம்பிக்கைக்கு ஒரு குறையும் இல்லை.

சரிசெய்யப் பத்து நிமிஷம் ஆகவில்லை. போனிலிருந்தே பேஸுக்குள் போய்ச் சரியான எண்களைப் போட்டாள். இந்தமுறை நிலையாகப் பதிந்தாள். டைப்பிஸ்டிடம் மெயினை அணைத்துப் போடச் சொல்லி, எண்கள் அப்படியே நிற்கின்றனவா என்று சோதித்தாள். நின்றன. ஆணியில் கம்பை வைத்தாள். வித்தியாசம் நாலு மில்லி.

"தம்பி, அந்த நாப்பத்துநாலையும் பிடுங்கு" என்றாள்.

அவன் ஏற்கெனவே பிடுங்கிக்கொண்டிருந்தான்.

அதன்பிறகு இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். அவள் இடம் காட்டினாள், அவன் அடித்தான், அடித்த கையோடு டேப்பை இழுத்து "சரி" என்றான். அறுபதாவது "சரி" வந்தபோது நாலரை.

"அண்ணி" என்றான், சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "சார் வர்றதுக்குள்ள நான் கிளம்பிடறேன். காலையில நடந்தது யாருக்கும் தெரிய வேணாம். நீங்க தனியாவே முடிச்சீங்க. நான் சாப்பாடு குடுக்க வந்தேன், அவ்வளவுதான்."

"உனக்குப் பைத்தியமாடா?"

"உங்க பேரு கெடக் கூடாது."

தன் வேலை போகிற நேரத்தில் இவன் என் பெயரைப் பற்றிக் கவலைப்படுகிறானே என்று மில்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எங்கயும் போகாதே. இங்கயே நில்லு" என்று மட்டும் அதட்டினாள்.

ஐந்து மணிக்கு முதலாளி வந்தார். வரிசை வரிசையாக நின்ற முளைகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அறுபதும் முடிஞ்சுதா? ஒரே ஆள், ஒரே நாள்! நான்தான் சொன்னேன்ல!" குமிழி பக்கம் திரும்பியதும் குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்களும் வந்துட்டீங்களா, நல்லது. நாளைக்கு ஆபீஸ்ல ஒரு அஞ்சு நிமிஷம் வந்து என்னைப் பாருங்க."

"அவர் எதுக்கு சார் வரணும்?" என்றாள் மில்லி. "நாப்பத்துநாலு முளை தப்பா அடிச்சேன் சார், ஒரு மீட்டர் பதினெட்டு தள்ளி. பச்சை விளக்கைப் பாத்துக்கிட்டே அடிச்சேன். இவர் டேப்பை வச்சுக் கண்டுபிடிச்சாரு. இல்லைன்னா காலையில துளைச்சிருப்பீங்க."

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். எலக்ட்ரீஷியன் மீதோ பெட்டி விற்றவன் மீதோ பழியைத் தள்ளவில்லை. குமிழி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதலாளிக்கு முதலில் முகம் வெளுத்தது. பிறகு மெல்ல நிதானத்துக்கு வந்தார்.

"சரி, இப்ப சரி பண்ணிட்டீங்க இல்ல? இனிமே தினம் காலையில அந்த ஆணியைப் பாத்துட்டு ஆரம்பிங்க. அதுக்கு எதுக்கு இன்னொரு ஆளு?"

நியாயமான கேள்விதான். அதற்கு மழுப்பலாக ஒரு பதில் சொல்லி, இந்த மெஷினுக்கு இரண்டு பேர் இல்லாமல் முடியாது என்று சாதித்திருக்கலாம். முதலாளி நம்பியும் இருப்பார். மில்லிக்குப் பொய் வரவில்லை.

"ஆணியைப் பாக்கணும்னு எனக்குத் தெரியாதா சார்? பதினாறு வருஷமா எல்லாருக்கும் நான் சொல்ற பாடமே அதான். இன்னிக்குப் பாக்கல. ஏன்னா எனக்கு எல்லாம் வந்துடுச்சுன்னு அவ்வளவு நிச்சயமா இருந்துது. நிச்சயமா இருக்கறவ திரும்பிப் பாக்கமாட்டா சார். நாளைக்கும் எனக்கு நிச்சயமாத்தான் இருக்கும், என் சுபாவம் அது. என் பின்னாடி என்னை நம்பாத ஒரு ஆள் டேப்போட நிக்கணும்."

"ஒருத்தரைத்தான் வச்சுக்க முடியும்னு நான் சொன்னா?"

"அப்ப இவரை வச்சுக்குங்க. மெஷினை நான் ஒரு வாரத்துல கத்துக்கிட்டேன், நான் சொல்லிக்குடுத்தா இவரும் ஒரு வாரத்துல கத்துப்பாரு. இவர்கிட்ட இருக்கறதை நான் பதினோரு வருஷமா பக்கத்துலயே இருந்தும் கத்துக்கல."

சொன்னபிறகுதான் தான் என்ன சொல்லியிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஆனாலும் வார்த்தையைத் திருப்பி எடுக்கவில்லை.

முதலாளி குமிழியிடம் கையை நீட்டினார். குமிழி டேப்பைக் கொடுத்தான். முதலாளி தானே கொக்கியைச் சுவரில் மாட்டி, பேண்ட் முட்டியில் மண் படக் குனிந்து முதல் முளையை அளந்தார். ஆறு இருபது. இரண்டாவது. ஆறு இருபது. மூன்றாவதையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மெஷின் ஏழு மணிக்கு வருது. ரெண்டு பேரும் ஆறரைக்கே வந்துடுங்க" என்றார். "மாசக் கடைசிப் பேச்சை நான் எடுக்கல, நீங்களும் மறந்துடுங்க." காரில் ஏறிப் போய்விட்டார்.

குமிழி டேப்பைச் சுருட்டி இடுப்பில் மாட்டினான்.

"என்ன அண்ணி, சார் முன்னாடி என்னை உங்களை நம்பாதவன்னு சொல்லிட்டீங்க? வீட்டுல போய் நான் என்னன்னு சொல்லுவேன்?"

"அதையே சொல்லு" என்றாள் மில்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "போன உடனே சொல்லு. அவ ஒரு வாரமா தூங்கல."